ஆட்டம் கண்ட சக்கரம்

நிலைகுலையத் தொடங்கிய குடும்பத்தையும் நட்டத்தில் விழுந்த வணிகத்தையும் 'ஆட்டம் கண்டுவிட்டது' என்று சொல்வது நம் வழக்கு. பட்டறைகளில் இதே சொல் நாள்தோறும் நேர்ப்பொருளில் புழங்குகிறது. இறுகப் பொருந்தியிருக்க வேண்டிய இரண்டு இரும்புகளுக்கிடையே தேய்மானத்தால் நூலிழை இடைவெளி விழுந்தாலே போதும். அவர்கள் அதற்கு 'ஆட்டம்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். சென்ற ஆண்டு எங்கள் பங்கின் பழைய பிக்கப் வண்டியை முன்னிட்டு இச்சொல்லோடு எனக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது.

எங்கள் பங்கு பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை அடிவாரத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது. வண்டியோ ஜீப் வம்சத்தில் வந்த டீசல் பிக்கப். நான் இங்கே பொறுப்பேற்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வாங்கப்பட்டது. இன்றைய கார்களில் உள்ள சுருள்வில்லெல்லாம் அதற்குக் கிடையாது. முன்னும் பின்னும் கமான் பட்டைகள்தாம். பள்ளிக்கு அரிசி மூட்டை, திருவிழாவுக்குப் பந்தல் சாமான், துக்க வீட்டுக்கு நாற்காலிகள் என்று எல்லாவற்றையும் அதன் முதுகில்தான் ஏற்றுவோம். மாதம் ஒருமுறையேனும் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் அது ஏறி இறங்கும்.

ஆழியாற்றைக் கடந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஊர் இருப்பதோ ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில். ஏறும்போது வருந்துவது எஞ்சின். இறங்கும்போது வருந்துவது முன் அச்சு. பிரேக்கை மிதிக்குந்தோறும் வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்கிறது. அந்த எடையைத் தாங்கிக்கொண்டே முன்சக்கரங்கள் முழு அளவுக்குத் திரும்பவும் வேண்டும். சுற்றுலா வருவோர் வழியில் வண்டியை நிறுத்திப் பாறைமேல் நிற்கும் வரையாடுகளைக் கண்டு மகிழ்கிறார்கள். சுமையோடு இறங்கும் ஓட்டுநருக்கு வரையாட்டைப் பார்க்கக் கண் ஒழிவதில்லை.

இந்த வண்டியை விற்றுவிடலாம் என்ற பேச்சு பங்குப் பேரவையில் எழுந்தது. நியாயமான பேச்சுதான், வயதாகிவிட்ட வண்டி. வாங்கிக்கொள்ள ஆளும் தயாராக இருந்தார். மலைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் சிறு வியாபாரி. சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. "ஒரு பெயின்ட் அடிச்சு, சீட் கவர் மாத்திக் குடுத்தா நல்ல வெலைக்குப் போயிருமுங்க சாமி" என்றார் பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர். அவர் நேர்மையானவர். பக்கத்துத் தோட்டத்துத் தேங்காய் தம் வேலிக்குள் உருண்டு வந்தால்கூட எடுத்துத் திருப்பி எறிந்துவிடுபவர். பழைய வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதில் அவருக்குக் குற்றமெதுவும் தோன்றவில்லை. பொதுவாகப் பார்த்தால் குற்றமும் இல்லை.

எதற்கும் ஒருமுறை காட்டிவிடுவோம் என்று, கோவை சுந்தராபுரத்தை ஒட்டிய பட்டறை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை அருகிலேயே இருப்பதால் கடைசல் வேலைக்கும் அங்கே பஞ்சமில்லை. நெற்றி நிறைய திருநீறு பூசிய மேஸ்திரி. எஞ்சினை அவர் கேட்கவே இல்லை. முன் அச்சுக்கு ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். ஒரு கையைச் சக்கரத்தின் உச்சியிலும் மறு கையை அடியிலும் வைத்து, தொட்டிலை அசைப்பதுபோல் உள்ளும் புறமும் அசைத்தார். 'டக், டக்' என்று மெல்லிய ஓசை. "சாமிங்க, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க" என்றார். குனிந்தேன். சக்கரம் ஆடியது.

அடுத்து அவர் செய்த சோதனையை வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. எங்கள் ஓட்டுநர் தம்பியை ஏறி அமர்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொன்னார். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குறை சக்கர பேரிங்கில். மிதித்த பின்னும் ஆட்டம் நீடித்தால் குறை கிங் பின்னில். பிரேக் பிடித்தவுடன் சக்கரமும் அதன் பின்தட்டும் ஒன்றாக இறுகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் வெளிப்பட வழியில்லாமல் போகிறது. மிதித்த பின்னும் எங்கள் சக்கரம் ஆடிற்று. பின்னர் கைகளை இடமும் வலமுமாக மாற்றி வைத்து அசைத்தார். டை ராட் எண்டிலும் ஆட்டம். கடைசியாக ஒரு கடப்பாரையைப் பட்டையின் கண்ணுக்கடியில் கொடுத்து நெம்பினார். புஷ் பொடியாக உதிர்ந்தது.

கிங் பின் என்பது முன் அச்சின் இரு முனைகளிலும் செங்குத்தாக நிற்கும் எஃகுத் தண்டு. பருமனில் நம் கட்டைவிரலை ஒத்தது. ஸ்டியரிங்கை நாம் எப்பக்கம் திருப்பினாலும் சக்கரம் இத்தண்டைச் சுற்றித்தான் திரும்புகிறது. தண்டு தேயாதிருக்க மேலும் கீழும் கன்மெட்டல் புஷ் ஒவ்வொன்று, இடையில் கிரீஸ். எஃகைக் காட்டிலும் மெதுவான உலோகத்தில் புஷ்ஷைச் செய்வதே, தேய்வது அதுவாக இருக்கட்டும் என்பதற்காகத்தான். பெரிய பாகம் பிழைக்கச் சிறிய பாகம் தேய்கிறது. அதுவும் முழுக்கத் தேய்ந்தபின் தண்டையே அரிக்கத் தொடங்குகிறது. தண்டு சாயச் சாயச் சக்கரமும் சாய்கிறது. டயரின் ஓரம் மட்டும் மொட்டையாகிறது.

நம் முன்னோர் அச்சாணியைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். ஆனால் அச்சாணி கழன்றால் அந்தக் கணமே சக்கரம் உருண்டோடிவிடும். வண்டிக்காரனுக்கும் தெரியும், வழிப்போக்கனுக்கும் தெரியும். புஷ் அப்படியன்று. அது ஒருநாளும் கழல்வதில்லை, நாள்தோறும் தேய்கிறது. ஓட்டுநர் தம்பியிடம், "ஸ்டியரிங்கில் உனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையா?" என்று கேட்டேன். "பழகிருச்சுங்க சாமி. வளைவு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே ஒடிச்சுக்குவேன்" என்றான். தேய்ந்த அளவுக்கு அவன் கை தன்னையறியாமல் ஈடுகட்டப் பழகியிருந்தது. வேறொரு பங்கிலிருந்து வந்த இளம் குரு ஒருவர் ஒருநாள் இதே வண்டியைச் சந்தை வரை ஓட்டிவிட்டு, முகம் வெளுத்து இறங்கியது அப்போது நினைவுக்கு வந்தது. அவருடைய கை புதிய கை.

பழகிய கைக்குத் தெரியாத குறை, புதிய கைக்குப் போகிறது. மலைப்பாதைக்குப் போகிறது. இதுதான் அன்றிரவு என் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது.

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நாள்களில், விற்பனையில் நீதி என்ற பாடம் எங்களுக்குச் சற்றுச் சலிப்பூட்டியது உண்டு. இருபது வயது கடந்த இளைஞர்களுக்குக் குதிரை வியாபாரத்தில் என்ன அக்கறை? புனித தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'சும்மா தெயோலோஜிக்கா'வில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில், 77-ஆம் வினா முழுவதும் இதைப் பற்றியதே. விற்கும் பொருளின் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டுமா என்று அவர் கேட்டுக்கொள்கிறார். குறை மறைந்திருந்து, வாங்குபவருக்கு இழப்போ ஆபத்தோ விளைவிக்குமானால் சொல்லியே தீர வேண்டும் என்பது அவர் முடிவு. மறைத்தால் அது வஞ்சகம், ஈடு செய்யவும் வேண்டும். நொண்டும் குதிரையை வேகக் குதிரை என்று விற்பதும், இடிந்துவிழப்போகும் வீட்டை உறுதியான வீடு என்று விற்பதும் அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள். ஆனால் குதிரைக்கு ஒரு கண் இல்லை என்பது வாங்குபவருக்கே தெரிகிறதே. அதற்குத் தக்கபடி விலையைக் குறைத்திருந்தால் போதும், வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கடமை இல்லை என்கிறார். சொல்லப்போனால் வாங்குபவர் நியாயத்துக்கு மேல் விலையைக் குறைக்கப் பார்ப்பார் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறார். சந்தைக்குப் போய்ப் பேரம் கேட்டவர்தாம் போலும் அந்தத் துறவி!

எங்கள் வண்டியின் நிறம் மங்கியது ஒற்றைக்கண், யாரும் பார்க்கலாம். கிங் பின்னோ நொண்டிக்கால். ஜாக்கி கொடுத்துத் தூக்கினாலன்றித் தெரியாது. பேரவையில் இதை எடுத்துச் சொன்னபோது மறுப்பும் எழுந்தது. "வருசா வருசம் எஃப்.சி. வாங்கிட்டுத்தானுங்க இருக்கறோம்" என்றார் ஒருவர். தகுதிச்சான்று அன்றைய நாளின் நிலைக்கு உரியது. அதற்குப்பின் தேய்ந்ததை அது அறியாது. "பழைய வண்டின்னு தெரிஞ்சுதானே வாங்கறாரு?" என்றார் இன்னொருவர். இந்தக் கேள்விக்கு வலு அதிகம். பழைய வண்டி வாங்குபவர் ஓரளவு தேய்மானத்தை எதிர்பார்த்தே வாங்குகிறார். ஆயினும் எஞ்சின் புகை கக்கினால் வண்டி வழியில் நிற்கும், அவ்வளவுதான். கிங் பின் கைவிட்டால் வண்டி நிற்காது. நான் இதற்குமேல் பேசவில்லை. தேங்காயைத் திருப்பி எறியும் அந்தப் பெரியவர்தாம் எழுந்து, "வேலைய முடிச்சுட்டே வித்துரலாமுங்க" என்றார். கிங் பின் செட்டின் விலை ஒரு புதிய டயரின் விலையைக்கூட எட்டவில்லை என்பதும் அவருக்குத் துணையாயிற்று.

வேலை மூன்று நாள் நடந்தது. முதல் நாள் முழுவதும் பழைய பின்னை வெளியேற்றுவதிலேயே போயிற்று. அத்தனை ஆண்டு துருவும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து அதை அச்சோடு ஒட்டவைத்திருந்தன. சூடேற்றியும் சம்மட்டியால் அடித்தும்தான் எடுக்க முடிந்தது. வந்த பின்னைத் துணியால் துடைத்து மேஸ்திரி என் கையில் கொடுத்தார். பார்வைக்குப் பளபளப்பாக, குறையற்றதாகவே இருந்தது. நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். புஷ் இருந்த இடத்தில் ஒரு படி இடறியது.

புதிய புஷ்ஷை அப்படியே மாட்டிவிட முடியாது. அழுத்தி ஏற்றியபின் உள்விட்டத்தை ரீமரால் சீவி, பின்னுக்குச் சரியாகப் பொருந்துமாறு செய்ய வேண்டும். மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டுமாதலால் நீண்ட ரீமரை இரண்டின் வழியாகவும் ஒருசேரச் செலுத்தினார்கள். இறுக்கமாக விட்டால் ஸ்டியரிங் திரும்பாது. தளரவிட்டால் பழைய ஆட்டம் முதல் நாளே வந்துவிடும். மேஸ்திரி ஒவ்வொரு சீவலுக்கும் பின்னைச் செருகிப் பார்த்தார். விரலால் தள்ளினால் எண்ணெயில் வழுக்கி இறங்க வேண்டும், விட்டால் தானாக விழக்கூடாது. இதுதான் அவருடைய அளவுகோல்.

பட்டைகளைக் கமான் பட்டறைக்கு அனுப்பினோம். தட்டையாகிப்போன பட்டைகளை அங்கே மீண்டும் வில்லாக வளைத்துத் தருகிறார்கள். நம் பக்கத்துப் பெரிய தோட்டங்களில் முன்பு நின்ற வில்வண்டிகளுக்கு அப்பெயர் வந்தது இந்த வில்லால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்பவர் குதிரை வண்டிக்கு எஃகு வில் பொருத்தக் காப்புரிமை பெற்றார். அடிப்படையில் அதே வில்தான் எங்கள் பிக்கப்பையும் தாங்கிக்கொண்டிருந்தது. வில் தட்டையாகும்போது நீள்கிறது; எனவே அதன் ஒரு முனை நிலையாகவும், மறுமுனை ஷேக்கிள் என்னும் ஊசலிலும் மாட்டப்படுகிறது. ஒரு பட்டை உடைந்திருந்தது வலப்புறத்தில் மட்டுமே. ஆனாலும் இரு பக்கத்தையும் சேர்த்தே செய்தார்கள். ஒரு பக்கம் மட்டும் நிமிர்ந்தால் வண்டி மறுபக்கம் சாய்ந்து நிற்கும். உடைந்த பட்டையை எங்கள் ஊர்க் கொல்லர் கேட்டு வாங்கிக்கொண்டார். கொடுவாள் அடிக்க இதைவிட நல்ல இரும்பு இல்லையாம்.

பழுது பார்ப்பதில் கோவைக்கு இருக்கும் பிடிவாதம் இன்று நேற்று வந்ததன்று. ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டித் தொடங்கினார் என்பதை இவ்வட்டாரத்தில் அறியாதவர் குறைவு. அந்நாளில் பேருந்தின் உதிரிப்பாகம் கடல் கடந்து வர வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் தாங்களே கடைந்து பொருத்திக்கொண்டார்கள். அவிநாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் வண்டிகளின் முகப்பை மட்டும் பார்த்துத் திரும்பாமல், சற்றுக் குனிந்து சக்கரங்களுக்கு இடையிலும் பார்க்கலாம்.

எல்லாம் பூட்டி, சக்கரங்களின் நேர்மையைச் சரிபார்த்து, புது கிரீஸ் ஓரங்களில் பிதுங்கும்வரை ஏற்றியபின் வண்டியை எடுத்தோம். முதல் வளைவிலேயே தம்பி தடுமாறினான். வழக்கம்போல் முன்னதாக ஒடித்தான். வண்டி உடனே திரும்பிவிட்டது. அவன் கை பழையதை மறக்க ஒரு வாரம் பிடித்தது.

வியாபாரி வந்தார். பழைய பின்களையும் பொடிந்த புஷ்களையும் ஒரு தாளில் பரப்பி, என்ன மாற்றினோம், என்ன மாற்றவில்லை என்று சொன்னோம். ஷாக் அப்சார்பர் பழையதே என்பதையும் சொன்னோம். அவர் பின்னை எடுத்து நகத்தை ஓட்டிப் பார்த்தார். "இவ்வளவு தேஞ்ச வண்டியாங்க சாமி!" என்று வியந்து, பேசியிருந்த விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக் கேட்டார். புனித தாமஸ் எழுதியது அச்சொட்டாக நடந்தது. பேரவைக்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். பெரியவர் மட்டும் சிரித்துக்கொண்டே பாதி வழிக்கு இறங்கி வந்தார். கணக்குப் பார்த்தால் பழுதுக்குச் செலவழித்ததில் பெரும்பகுதி எங்களுக்குத் திரும்பவில்லை.

யூ போல்ட்டுகள் புதிய பட்டையின்மேல் அமர்ந்து தளரும்; 500 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவந்து முறுக்கிக்கொள்ள வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியனுப்பியிருந்ததை வியாபாரியிடம் தெரிவித்தோம். இரண்டு வாரங்களில் அவர் சின்ன வெங்காய மூட்டைகளோடு சுந்தராபுரத்துக்குப் போய் முறுக்கிக்கொண்டு வந்தார். போகும் வழியில் பங்கு இல்லத்தில் ஒரு படி வெங்காயம் வைத்துவிட்டுப் போனார்.