தராசு சொல்லாததைத் தான்சியோன் சொல்லும்

என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடப்பது இந்தப் பக்கத்தைப் படிக்கும் நண்பர்களுக்குத் தெரியும். "ரத்தத்தைச் சுத்தம் பண்றதுக்கு எதுக்கு அரை மணிக்கு ஒரு தடவை பி.பி. பாக்குறாங்க?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

சுத்தம் செய்வது பாதி வேலைதான். சிறுநீர் பிரியாமல் உடம்பில் தங்கிய நீரை எடுப்பது மீதிப் பாதி. அந்த நீரெல்லாம் போனபின் இருக்க வேண்டிய எடைக்கு 'டிரை வெயிட்' என்று பெயர். இவளுக்குச் சென்ற ஆண்டு 52 கிலோ. தராசு 54.5 காட்டினால் இரண்டரை லிட்டர் எடுக்க வேண்டும். குமாஸ்தாவுக்குப் பிடித்த கழித்தல் கணக்கு.

ஆனால் மெஷின் இழுப்பது ரத்தக் குழாயில் ஓடும் நீரை. காலிலும் சதையிலும் தேங்கியது குழாய்க்குள் மெல்லத்தான் ஊறி வரும். ஊறுவதைவிட வேகமாக இழுத்தால் பி.பி. விழுந்துவிடும். கொட்டாவி, வியர்வை, கெண்டைக்காலில் பிடிப்பு எல்லாம் வரும். அதனால் உடல் எடையில் கிலோவுக்கு, மணிக்கு 13 மில்லிக்கு மேல் போகாமல் பார்ப்பார்கள். இவளுக்கு நாலு மணி நேரத்தில் சுமார் 2.7 லிட்டர். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்தால் திங்களன்று மூன்றரை நிற்கும். உப்பு உள்ளே போனால் தாகம் விடுமா?

பிரெஞ்சில் பி.பி.க்கு 'தான்சியோன்' என்றுதான் பெயர். 120/80 என்று சொல்லாமல் 'பன்னிரண்டு, எட்டு' என்பார்கள். பாதரசத்தைச் சென்டிமீட்டரில் சொல்லும் பழக்கம். லிசேயில் படித்த எனக்கு அது போகவில்லை. என் நோட்டிலும் அப்படியே எழுதுகிறேன். 14, 13, 12 என்று இறங்கினால் கவலையில்லை. 13லிருந்து நேரே 9 என்றால் டெக்னீஷியன் தம்பியைக் கூப்பிடுவேன். அவர் நீர் எடுப்பதை நிறுத்திக் காலை உயர்த்தி வைப்பார். தேவைப்பட்டால் சலைன் விடுவார். அந்தச் சலைனும் நீர்தான், கணக்கில் சேரும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் சரியாக 52க்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஆனால் முடித்து எழும்போதும் தான்சியோன் 16. இரவில் படுத்தால் மூச்சு முட்டியது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தே தூங்கினாள். நோட்டை டாக்டரிடம் காட்டினேன். காலை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் வைத்துக் கேட்டார்.

"அம்மா மெலிஞ்சிருக்காங்க, ஐயா. சதை போன இடத்துல தண்ணி உக்காந்திருக்கு. தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

டிரை வெயிட்டை அரை அரை கிலோவாகக் குறைத்து 50.5க்குக் கொண்டுவந்தார்கள். தலையணை ஒன்றானது.

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். பத்து நாளாக மூன்றாவது மணியில் 9க்கு விழுகிறது, காலும் இழுக்கிறது. உடம்பு தேறியிருக்கும், எடையை ஏற்றலாமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும் என்றேன்.

"ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டா அதையும் நோட்டுல ஏத்திடுவீங்களா?" என்றாள்.

ஏற்றிவிட்டேன்.