மடக்கெழுத்தாணியும் சிவப்புக் கத்தியும்

மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளும் பல்கருவிக் கத்தியை வாங்குகிறவர் முதலில் அதன் உறுப்புகளை எண்ணுகிறார். விற்கிறவரும் எண்ணித்தான் விற்கிறார். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் தார்ப்பாய் விரித்துக் கடை போட்டிருந்தவர், “பதினோரு ஐட்டம் சார், நூத்தம்பது ரூபா” என்றார். வாங்கினோம். குறட்டின் இரு தாடைகளும் ஒன்றையொன்று சந்திக்க மறுத்தன. கத்தியைத் திறந்தால் ரம்பமும் அழையாத விருந்தாளியாக உடன் எழுந்து வந்தது. இரண்டே வாரத்தில் ஆணி தளர்ந்து, மடித்து வைத்த கத்தி பைக்குள்ளேயே திறந்துகொண்டது. பதினோரு உறுப்புகளில் ஒழுங்காக வேலை செய்தது சாவி வளையம் ஒன்றுதான்.

நாங்கள் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நாள்தோறும் ரயிலில் சென்று திரும்பும் தமிழாசிரியர்கள் மூவர். இரும்புச் சாமான்களைப் பற்றிக் கருத்துரைக்க எங்களுக்கு என்ன தகுதி என்று வாசகர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஒரு பெரியவருக்காக நாங்கள் செய்ய நேர்ந்த மதிப்பீடு ஒன்று எங்களை இதற்குள் இழுத்துவிட்டது. அதற்குப் பிறகு வருவோம்.

எண்ணிக்கைக்கு முன் கேட்க வேண்டியது, இக்கருவி யாருடைய எந்த வேலைக்காகப் பிறந்தது என்பது. 1891இல் ஸ்விட்சர்லாந்துப் படைவீரனுக்குத் தரப்பட்ட கத்தியில் உறுப்புகள் நான்கே: கத்தி, துளையூசி, டப்பா திறப்பான், திருப்புளி. அப்படையின் புதிய துப்பாக்கியைப் பிரித்துத் துடைக்கத் திருப்புளி தேவைப்பட்டது. டப்பாவில் அடைத்த உணவு வந்துவிட்டிருந்தது. நான்கும் ஒரே மனிதனின் ஒரே நாளுக்குள் அடங்குகின்றன. பின்னர் கார்ல் எல்ஸ்னர் 1897இல் பதிவு செய்த அதிகாரிகளுக்கான கத்தியில், ஒரே வில்பட்டை பிடியின் இரு பக்கத்து உறுப்புகளையும் தாங்கியது. பருமன் கூடாமல் உறுப்பு கூடியது. அசலான பொறியறிவு அது. அமெரிக்கரான டிம் லெதர்மனின் கதையும் இவ்வகையே. 1975இல் பழைய பியட் கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, தம் கத்தியில் குறடு இல்லாத குறையை அவர் உணர்ந்தார். 1983இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவிக்குக் குறடே நடுநாயகம்.

எங்களில் ஒருவருக்கு அவருடைய மருமகன் துபாயிலிருந்து ஒரு சிவப்புக் கத்தி கொண்டுவந்து தந்தார். ‘ஸ்விஸ் சாம்ப்’ என்ற வகை. 33 வேலைகள், 185 கிராம் எடை. வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஒவ்வோர் உறுப்பும் ‘டக்’கென்ற ஓசையோடு எழுந்து, அதே ஓசையோடு அமர்கிறது. இடுக்கில் ஒரு நூல் நுழையாது. ஆனால் சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. கையில் பிடித்தால் செங்கல் துண்டைப் பிடித்த மாதிரி இருக்கிறது. செதில் சுரண்டியும் மரமறுக்கும் ரம்பமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பேனாவும் அதில் உண்டு. காலையில் மீன் பிடித்து, நண்பகலில் மரமறுத்து, மாலையில் கடிதம் எழுதும் மனிதர் எவரையும் நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

பேனா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் மடக்குக் கத்திக்குப் பேனாக்கத்தி என்றே பெயர். இறகுப் பேனாவின் முனையைச் சீவிக்கொள்ள ஆங்கிலேயர் வைத்திருந்த கத்தி அது. இறகு போயிற்று, பெயர் தங்கிவிட்டது. எழுதுகிறவர் பையில் கத்தி இருப்பது அவர்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஓலையில் எழுதியவர்களின் எழுத்தாணிகளைக் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைப்படுத்துவார்கள். வாரெழுத்தாணியின் தலையிலேயே ஓலை வாரும் கத்தி இருக்கும். மடக்கெழுத்தாணியில் எழுதும் முனையும் கத்தியும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். சுவடியியல் பாடத்தில் ஆண்டுதோறும் இதைச் சொல்கிறோம், மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள், தேர்வில் இரண்டு மதிப்பெண்.

அப்படிக் குறித்துக்கொண்ட மாணவி ஒருத்தி, “எங்க தாத்தாகிட்ட இது இருக்குதுங்க ஐயா” என்றாள். விக்கிரவாண்டியில் இறங்கி, பனைகளுக்கு நடுவே நடந்துபோய்ப் பார்த்தோம். பெரியவர் ஒரு துணிச்சுருளிலிருந்து எடுத்துத் தந்தார். திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்திய அவருடைய தாத்தா வைத்திருந்ததாம். புதுச்சேரியிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர் பிடி தந்தம் என்று சொல்லி 40,000 ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார்.

“வாத்தியாருங்களா, நீங்க பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. தந்தம்தானா? பொண்ணுக்கு பி.எட்.டுக்குப் பணம் கட்டணும்.”

இக்கேள்வியின் கனம் பெரியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தந்தம் என்றால் விற்கவே முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்வந்த திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடுக்கின்றன. வியாபாரி நழுவிவிடுவார், அகப்படுகிறவர் இவராக இருப்பார். தந்தம் இல்லை என்றால் விலை விழுந்துவிடும். எங்கள் வாயிலிருந்து எந்தச் சொல் வந்தாலும் அந்த வீட்டுக்கு நட்டம்தான். சொல்லாமல் திரும்பிவிடவும் வழியில்லை. மாணவி எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

சிவப்புக் கத்தியின் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அன்றுதான் முதல் வேலை கிடைத்தது. யானைத் தந்தத்தைக் குறுக்கே வெட்டிய முகத்தில், ஒன்றையொன்று ஊடறுக்கும் மெல்லிய வளைகோடுகள் வலைபோலத் தெரியும். எலும்பில் அவை இரா; குருதிக் குழல்கள் ஓடிய நுண்துளைகள் கரும்புள்ளிகளாகவும், நீளவாட்டில் சிறு கீற்றுகளாகவும் தென்படும். பிடியின் இரு முனைகளையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். வலை இல்லை, புள்ளிகள் இருந்தன. எலும்பு.

அதைச் சொல்வதற்கு முன், கருவியின் மற்ற குணங்களையும் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தோம். மடக்கிய நீளம் ஐந்தே கால் அங்குலம். ஒரு முனையில் எழுத்தாணி, மறு முனையில் கத்தி. இரண்டும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து ஒரே பிளவுக்குள் அருகருகே படுக்கின்றன. வில் கிடையாது. பித்தளை வில்லையின்மேல் அறைந்து தலை பரப்பிய ஆணியின் இறுக்கம் மட்டுமே திறந்ததைத் திறந்தபடி நிறுத்துகிறது. அசைத்துப் பார்த்தோம், ஆட்டமில்லை. நான்கு தலைமுறைக் கைகளில் இருந்த மூட்டு அது. மடக்குக் கருவி எதையும் வாங்குமுன் மூட்டை அசைத்துப் பாருங்கள். மற்றவற்றைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.

ஓலைக்கு அங்கே பஞ்சமில்லை. பெரியவர் பதமாகக் காய்ந்த ஓலை நான்கைக் கொண்டுவந்தார். பலகைமேல் அடுக்கி ஓரம் வாரினோம். கத்தியின் வாய் வளைவின்றி நேராக இருப்பதன் காரணம் அப்போது புரிந்தது: இழுக்கும்போது வாய் முழுவதும் ஓலையின்மேல் படிகிறது, அடுக்கு நழுவாமல் நான்கு ஓலையும் ஒரே கோட்டில் அறுபடுகின்றன. சிவப்புக் கத்தி இதைவிடக் கூர்மையானது. ஆனால் அதன் வளைந்த வயிறு அடுக்கின் நுனியில் சறுக்கியது. அதன் துளையூசியால் எழுதிப் பார்த்தோம். முதல் சுழியிலேயே ஓலை கிழிந்தது. பேனா ஓலையில் வழுக்கிக்கொண்டு போயிற்று. எழுத்தாணியின் முனையோ கண்ணுக்குக் கூர்மை, விரலுக்கு மழுக்கம். நாரை அறுக்காமல் மேல்தோலில் மட்டும் சால் ஓட்ட அந்த மழுக்கம் வேண்டும். கோணல்மாணலாக ‘அ’ எழுதி, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தோம். எழுத்து கறுப்பாக எழுந்து நின்றது. மாணவி அதை வாங்கித் தன் பெயரை எழுதினாள்; எங்கள் ‘அ’வைவிட நன்றாகவே வந்தது.

குறைகளும் உண்டு. பூட்டோ வில்லோ இல்லாததால் கத்தி விரல்மேல் மடங்கக்கூடும். பழகாத கைக்கு இது ஆபத்தான கருவி. இரும்பில் துருப்புள்ளிகள் ஏறியிருக்கின்றன. சிவப்புக் கத்தியின் எஃகு எத்தனை மழை கண்டாலும் பளபளக்கும். தீட்டித் தீட்டிக் கத்தி மூன்றில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டது. மெருகில், துல்லியத்தில் ஸ்விட்சர்லாந்துக்காரரோடு போட்டியில்லை. வடிவமைப்பில் எங்கள் தீர்ப்பு மடக்கெழுத்தாணிக்கே. ஓலையை நறுக்க, வார, துளையிட, எழுத என்று எழுதுகிறவரின் முழு வேலையும் அந்த இரண்டு உறுப்புகளுக்குள் அடங்கியிருக்கிறது. முதல் ஸ்விஸ் கத்தியின் நான்கு உறுப்புகளுக்கு இருந்த அதே அடக்கம்.

பெரியவரிடம் உள்ளதைச் சொன்னோம். பிடி எலும்பு, வேலைப்பாடு உயர்ந்தது, நூறு ஆண்டு கடந்த பொருளென்றால் வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடந்தராது, தந்தமென்று எழுதி எவர் கேட்டாலும் கையெழுத்துப் போட வேண்டாம். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நாப்பதாயிரம் இல்ல” என்றார். மறுவாரம் வியாபாரி 5,000 என்று இறங்கியதாக மாணவி சொன்னாள். தாத்தா கொடுக்கவில்லையாம். மணிலாக்கொட்டை விற்ற பணமும் அத்தையின் வளையலும் சேர்ந்து பி.எட். கட்டணம் ஆயிற்று.

துருவை நீக்கித் தரும்படி பெரியவர் கேட்டுக்கொண்டதால், திண்டிவனத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருப்பவரிடம் எடுத்துச் சென்றோம். கத்தியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தந்தார். மூட்டு ஆணியைத் தொட மறுத்துவிட்டார். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும் என்றார். கூலி வாங்கிக்கொள்ளவில்லை.