கடைசியாக எதை மாற்றினீர்கள்?

புது ரேம் மாட்டியாயிற்று. புது எஸ்.எஸ்.டி-யும் போட்டாயிற்று. ஆசையோடு பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் மட்டும் சுற்றுகிறது. திரையில் ஒன்றுமே இல்லை. நேற்றுவரை மெதுவாகவாவது ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர், செலவு செய்த பிறகு ஒரேயடியாகப் படுத்துவிட்டது. வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்த பலருக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

ஆம்பூரில் ஒரு வீட்டிலும் இதுதான் நடந்தது. அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் வேலை. பத்தொன்பது வருடமாக ஒரே பிரிவு, குளோசிங். வெட்டி வரும் தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, ஷூவின் மேல்பாகமான 'அப்பர்' ஆக்கும் பிரிவு அது. "என்னோட போவட்டும், எம்பொண்ணு மெஷின்ல குந்தக் கூடாது" என்பது அவருடைய ஒரே பிடிவாதம். மகளும் அதற்கேற்ப ஷூ டிசைன் பக்கம் திரும்பினாள். இன்று கம்பெனிகளில் பேட்டர்ன் எல்லாம் கம்ப்யூட்டரில் கேட் மென்பொருளில்தான் வரைகிறார்கள். அதை வீட்டிலும் பழகிக்கொண்டால் இன்டர்வியூவுக்குத் தைரியமாகப் போகலாம்.

ஆனால், வீட்டில் இருந்ததோ கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர். 4 ஜி.பி ரேம். கேட் மென்பொருளைத் திறந்தால் டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம். புதிதாக ஒன்று வாங்கலாம் என்று நினைத்திருந்த நேரத்தில்தான், 2025 ஆகஸ்ட் 27-ம் தேதி இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த வரி 50 சதவிகிதமாக உயர்ந்தது. அம்மாவுக்கு ஓவர்டைம் நின்றது. புதுசு வாங்கும் பேச்சும் அதோடு நின்றது.

பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒரு யோசனை சொன்னான். "ரேம், எஸ்.எஸ்.டி, ஒரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். மூணும் போட்டா இதுவே புதுசு மாதிரி ஓடும்மா." விடிகாலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து சென்னைக்குப் போனான். ரிச்சி தெருவில் விலை பேசி வாங்கிக்கொண்டு இரவே வந்து சேர்ந்தான். மறுநாள் உட்கார்ந்து மூன்றையும் ஒரே மூச்சில் மாட்டினான். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது.

கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போனான். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சிப்பா, 6,500 ஆகும்" என்றார்கள். அந்த வீட்டுக்கு அது அம்மாவின் அரை மாதச் சம்பளம். அக்கா எதுவும் பேசவில்லை. அதுதான் தம்பிக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வேலை முடிந்து வந்த அம்மா விஷயத்தைக் கேட்டார். கம்ப்யூட்டரில் மவுஸ் பிடிக்கக்கூடத் தெரியாதவர் அவர். ஆனால் அவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

"கடைசியா இன்னாடா மாத்தின?"

"மூணையும்தாம்மா."

"ஒண்ணாவா? லைன்ல ஒரு ஜோடி ரிஜெக்ட் ஆனா, எல்லா மெஷினையுமா கழட்டுவாங்க? எந்த டேபிள்ல கெட்டுச்சுன்னு ஒவ்வொண்ணா பின்னாடி போய்ப் பாப்பாங்க. நீயும் அப்படிப் பாரு."

ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இது சாதாரண விஷயம். தோலை வெட்டுவது கிளிக்கிங். தைப்பது குளோசிங். தைத்த அப்பரைக் கால் வடிவ அச்சில் இழுத்துப் பொருத்துவது லாஸ்டிங். கடைசியாக ஃபினிஷிங். ஷூவின் மூக்கு கோணலாக வந்தால், தப்பு லாஸ்டிங்கில் நடந்ததா, அதற்கு முன்பே வெட்டும்போது நடந்ததா என்று ஒரு படி, ஒரு படியாகப் பின்னால் போவார்கள். கம்ப்யூட்டருக்கும் வழி அதேதான்.

அக்காவும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய ரேமைப் போட்டுப் பார்த்தார்கள். வரவில்லை. பழைய ஹார்டு டிஸ்க்கை மாட்டினார்கள். அப்போதும் இருட்டுதான். கடைசியாகப் பழைய எஸ்.எம்.பி.எஸ்-ஸை மாட்டியதும் திரையில் வெளிச்சம் வந்தது. மதர்போர்டு உயிரோடுதான் இருந்தது!

"அப்ப புது எஸ்.எம்.பி.எஸ் பழுது" என்றான் தம்பி. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. பழையதன் வயர்களையும் புதியதன் வயர்களையும் தரையில் பக்கத்துப் பக்கமாக வைத்து, ஒவ்வொன்றாக எண்ணினாள். பழையதில் மதர்போர்டுக்குப் போவது இரண்டு. ஒன்று 24 பின் உள்ள நீள பிளக். இன்னொன்று பிராசஸருக்குப் பக்கத்தில் போகும் 4 பின் சதுர பிளக். புதியதில் அந்தச் சதுர பிளக், மற்ற வயர்களோடு டேக் போட்டுக் கட்டியபடியே கேபினெட்டின் மூலையில் கிடந்திருக்கிறது. தம்பி அதைச் செருகவே இல்லை. செருகியதும் கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. பிறகு ரேமை மாட்டி ஒருமுறை ஆன் செய்தார்கள். எஸ்.எஸ்.டி-யை மாட்டி இன்னொரு முறை. செலவு, ஒரு ஞாயிறு மதியம்.

இருட்டிலும் மூன்று வகை

'கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை' என்று பொதுவாகச் சொல்கிறோம். அதில் மூன்று வகை உண்டு. எது என்று பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, எந்த அசைவும் இல்லாதது. ஃபேன் இல்லை, லைட் இல்லை. சுவிட்ச் பாக்ஸ், பவர் கேபிள், எஸ்.எம்.பி.எஸ்-ஸின் பின்பக்கம் இருக்கும் சின்ன சுவிட்ச், 24 பின் பிளக், பவர் பட்டனிலிருந்து போர்டுக்கு வரும் மெல்லிய வயர் என்று வரிசையாகப் பாருங்கள். கை பட்டு அந்த மெல்லிய வயர் கழன்றிருப்பது சகஜம்.

இரண்டாவது வகை, ஃபேன் சுற்றும், திரை வராது. ஆம்பூர் வீட்டில் நடந்தது இது. பிராசஸருக்கான பிளக் விட்டுப்போயிருக்கலாம். ரேம் முழுதாக உட்காராமல் இருக்கலாம்; ஓரத்துக் கிளிப் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால், மானிட்டர் கேபிளைப் பழைய இடத்திலேயே விட்டிருக்கலாம். அதைப் புது கார்டில் செருக வேண்டும். கார்டு மாட்டும் ஸ்லாட் தருவது 75 வாட் வரைதான். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்குத் தனி பவர் வயர் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது வகை, திரையில் எழுத்து வரும், ஆனால் விண்டோஸ் வராது. 'பூட் டிவைஸ் இல்லை' என்கிற மாதிரி ஒரு வரி நிற்கும். பயப்பட வேண்டாம், போர்டு நன்றாக இருக்கிறது. டிஸ்க்கின் கேபிள் தளர்ந்திருக்கலாம். அல்லது புது எஸ்.எஸ்.டி காலியாக இருக்கிறது. அதில் விண்டோஸ் ஏற்றவில்லை. அதற்குள் பழைய டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள்.

ரேம் வாங்கும் முன்பு ஒன்றைக் கவனியுங்கள். டி.டி.ஆர் 3, டி.டி.ஆர் 4 இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், வோல்டேஜும் வேறு. முதலாவதற்கு 1.5 வோல்ட், இரண்டாவதற்கு 1.2 வோல்ட். நுழையவில்லை என்றால் அது உங்கள் போர்டுக்கான ரேம் இல்லை. அழுத்தி நுழைக்கக் கூடாது.

தோல் ஊரின் காற்று

பாலாற்றங்கரை ஊர்களில் இன்னொன்றையும் நினைவில் வைக்கலாம். டேனரிகளில் தோலிலிருந்து ரோமத்தை நீக்க சோடியம் சல்ஃபைடு பயன்படுத்துகிறார்கள். அந்தக் கழிவு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அழுகின முட்டை நாற்றம் என்றால் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக் கொலுசைக் கறுக்க வைக்கும் வாயு அது. கம்ப்யூட்டர் போர்டுகளில் இருக்கும் செம்பையும் வெள்ளியையும்கூட அது அரிக்கும். கூடவே வேலூர் பக்கத்து வெயிலும் தூசியும். இந்த வாடை வீசும் இடத்தில் வீடு இருந்தால், கம்ப்யூட்டரை ஜன்னல் ஓரமாக வைக்காமல் இருப்பது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசியைத் துடையுங்கள். ரேமின் விளிம்பில் அழுக்கு இருந்தால், பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு மாட்டலாம். கடைக்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் கைவைத்தியம் இது.

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்குவது கட்டாயம். பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திவிட்டு, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது

எல்லாக் கடைக்காரர்களும் ஏமாற்றுகிறவர்கள் இல்லை. மேஜையில் பத்து கம்ப்யூட்டர்கள் காத்திருக்கும்போது, ஒவ்வொரு வயராகப் பார்ப்பதைவிட 'போர்டு போச்சு' என்று சொல்வது சுலபம். ஆகவே கேட்க வேண்டியது நாம்தான்: "அண்ணே, எதை மாத்திப் பாத்துட்டு போர்டுன்னு சொல்றீங்க?" வேறு ரேம், வேறு எஸ்.எம்.பி.எஸ் போட்டும் வரவில்லை என்று காட்டினால், அந்தப் பேச்சுக்கு மதிப்பு உண்டு. காட்டவில்லையென்றால், பணம் கொடுக்க அவசரப்பட வேண்டாம்.

கேபினெட்டைத் திறந்ததும், எதையும் கழற்றும் முன்பு செல்போனில் நான்கு போட்டோ எடுத்துவிடுங்கள். எந்த வயர் எங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பிறகு ஒன்றை மாற்றுங்கள். ஆன் செய்து பாருங்கள். ஓடினால்தான் அடுத்தது.