கோட்டையும் நம் வீட்டுச் சுவரும்

கல்வராயன் மலைக்குப் போகிறவர்கள் கோமுகி அணையைப் பார்த்து, வெள்ளிமலை வரை ஏறி, அருவியையும் ரசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே இருக்கும் தியாகதுருகத்துக்கும் ஒரு நடை போய் வாருங்களேன்!

ஊரை ஒட்டினாற்போல் மலை, மலைமேல் கோட்டை. 1761-இல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் இதைப் பிடித்தார்கள். 1790-இல் திப்பு சுல்தானின் படை வந்து தாக்கியும் கோட்டை விழவில்லை. பீரங்கிக்கே அசையாத இதுபோன்ற சுவர்களைச் சாய்ப்பது எது தெரியுமா? பறவை எச்சத்திலிருந்து முளைக்கும் அரசங்கன்றும், விரிசலில் இறங்கும் மழைத் தண்ணீரும்தான். கூடவே, 'நமக்கென்ன வந்தது?' என்கிற நம் மனசும்!

நம் பிறந்த வீட்டுப் பழைய சுவருக்கும் இதே கதைதான். கன்றை மேலாகக் கிள்ளிப் போட்டால் போதாது. வேர் உள்ளே பெருத்துக் கல்லைப் பிளந்துவிடும். சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். விரிசலுக்கு அவசரப்பட்டு சிமெண்டைப் பூசாதீர்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். சுவர் உப்புப் பூத்து உதிரும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புதான் அதற்கு ஏற்ற மருந்து.

ஆள் புழங்காத வீடு சீக்கிரம் பாழாகும் என்று பாட்டி சொல்வாளே, அது பெரிய கட்டடங்களுக்கும் பொருந்தும். சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் கலஸ் மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்தது. தீயை அணைக்கப் போன பெண் அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயமடைந்தார். ஒரு வீரர் உயிரையே கொடுத்தார். அந்த மகாலை இடித்துத் தள்ளவில்லை. சுண்ணாம்புக் கலவையாலேயே சீர்செய்து, பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்தார்கள். முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவிலோ, இடிபட இருந்த வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டையும் அங்கே பார்க்கலாம்.

ஆகவே சகோதரிகளே, ஊரில் பழைய வீட்டையோ சத்திரத்தையோ இடிக்கப் பேச்சு எழுந்தால், "பாலர் பள்ளிக்கு ஆகாதா? தையல் வகுப்புக்கு ஆகாதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். இடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

தியாகதுருகத்துக்குக் காலை வெயில் ஏறுமுன் கிளம்புங்கள். குடிதண்ணீர், பிள்ளைகளுக்குத் தொப்பி, காலுக்குப் பிடிப்பான செருப்பு அவசியம். இடிந்த சுவரோரம் சின்னப் பிள்ளைகளை விடாதீர்கள். சுவரில் பெயர் கிறுக்கக் கூடாது என்பதையும் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள்.