சாலையில் நடக்க ஒரு தீர்மானம்

"இந்தச் சாலை எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன் வகுப்பில்.

"செங்கற்பட்டிலிருந்து ஐயா!" என்றான் ஒருவன். "எங்கே போகிறது?" "காஞ்சிபுரத்துக்கு!" அவ்வளவுதான். பழையசீவரத்துப் பிள்ளைகளுக்குச் சாலை என்றால் இவ்விரண்டு ஊர்களுக்கிடையே பேருந்து ஓடும் இடம். பச்சை வண்ணம் தீட்டிய கிலோமீட்டர் கல்லிலே 58 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன என்றேன். "பஸ் நம்பர் ஐயா!" என்றாள் ஒரு சிறுமி. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு வெட்கம் வந்தது. கல்லூரியிலே வரலாறு படித்துப் பட்டத்தோடு ஊர் திரும்பிய நாளில் எனக்கு மட்டும் அது தெரிந்திருந்ததா? பானிப்பட்டில் எத்தனை போர் நடந்தது என்று தெரியும். வீட்டு வாயிலில் கிடக்கும் சாலையின் கதை தெரியாது!

பிள்ளைகளோடு சேர்ந்து நானும் படித்தேன். மாநில நெடுஞ்சாலை 58 சதுரங்கப்பட்டினத்துக் கடலோரத்தில் தொடங்குகிறது. திருக்கழுக்குன்றம் கடந்து செங்கற்பட்டு, அங்கிருந்து பாலாற்றைத் துணைக்கழைத்துக்கொண்டு பழையசீவரம், வாலாஜாபாத், காஞ்சிபுரம், பிறகு அரக்கோணம், முடிவில் திருத்தணி. கடல் முனையிலே டச்சுக்காரன் கட்டிய கோட்டை நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் அவன் வந்தது நம் நெசவாளன் நெய்த துணிக்காக. 1763இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி செங்கற்பட்டுச் சீமையைக் கம்பெனிக்குச் சாகீராகக் கொடுத்தான். அவனுடைய பட்டப்பெயரைத் தாங்கிய வாலாஜாபாத்தில் பின்னர் கம்பெனிப் படை பாளையமிறங்கிற்று. துணிக்கு ஒருவன், வரிக்கு ஒருவன், துப்பாக்கியோடு ஒருவன்! வட முனையான திருத்தணியோ 1960 ஏப்ரல் 1ஆம் நாள்தான், ம.பொ.சி. முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, ஆந்திரத்திலிருந்து நம்மோடு சேர்ந்தது. அதற்கு முன் அந்த முனை அயல் மாநிலம் என்றதும் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள்.

யார் யார் வந்தார்கள் என்பதை ஏடுகள் சொல்கின்றன. யார் நடக்க முடிந்தது என்பதை?

மாட்டுப் பொங்கல் நாளில் காஞ்சி வரதர் பார்வேட்டைக்காக எங்கள் ஊர் மலைக்கு எழுந்தருளுகிறார். ஊரே திரளும் நாள். கடவுள் நடப்பதில்லை, தோளில் தண்டு அழுந்த நடப்பவர்கள் மனிதர்கள். ஆண்டுதோறும் பார்க்கிறேன், என் கண் அந்தத் தோள்கள் மீதே போகிறது. கல்லாய், செம்பாய் இருப்பவருக்கு வழி கேட்க வேண்டியதில்லை. மனிதனுக்குத்தான் வழி கேட்க வேண்டியிருந்தது. அதுவும் சட்டமன்றத்தில்!

மிகையன்று. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில், நம் செங்கற்பட்டுச் சீமையிலேயே பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். பொதுச் சாலையிலும் தெருவிலும் எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் எவரும் நீர் எடுக்கலாம் என்று சென்னைச் சட்டமன்றத்திலே அவர் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேறச் செய்தது 1924ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான் வைக்கத்திலே கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் இருமுறை சிறை புகுந்தார். மண்ணிலே நடக்கத் தீர்மானம்! கால் இருந்தும் நடக்கச் சிறை! பேருந்து வந்த பிறகும் கதை முடியவில்லை. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துக்கு உரிமம் கிடையாது என்று இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராயிருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் ஆணையிட வேண்டியிருந்தது.

என் ஆயா சேரியில் பிறந்தவள். 1950களில் சிறுமி, தீர்மானத்துக்கு வயது முப்பது ஆன காலம். புல்லுக்கட்டைத் தலையில் சுமந்து நெடுஞ்சாலையில் செருப்போடு நடப்பாளாம். ஒரு புளியமரம் வரும். மரத்தைக் கண்டதும் செருப்பு காலிலிருந்து கைக்கு ஏறிவிடும். அங்கே பிரிவது ஊர்த்தெரு. "ரோட்டு மேல யாரும் கேக்க மாட்டாங்க கண்ணு, தெருவுலதான் கேப்பாங்க" என்பாள். சட்டம் சாலை வரை வந்திருந்தது. புளியமரத்தடியில் நின்றுவிட்டது!

அண்மை ஆண்டுகளில் செங்கற்பட்டுக்கும் காஞ்சிக்கும் இடையே சாலையை நான்கு தடமாக அகலப்படுத்தும் பணி நடந்தது. மரங்கள் வீழ்ந்தன, அந்தப் புளியமரமும் வீழ்ந்தது. நிழல் போயிற்றே என்று ஊரார் வருந்தினார்கள், நானும் வருந்தினேன். ஆயா வருந்தவில்லை. வெட்டிய அடிமரத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, செருப்புக் காலோடு வீட்டுக்கு வந்தாள்.

அகன்ற சாலையை நான் பழிக்கவில்லை. நோயாளியை விரைந்து கொண்டுசெல்லும் சாலை அது. அதே சாலையில்தான், கல் ஏற்றிவந்த லாரி ஒன்று சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவனைத் தட்டிவிட்டது. காலை முறிவு. செங்கற்பட்டு அரசு மருத்துவமனையில் எலும்பைச் சேர்த்துக் கட்டினார்கள். ஆற்றின் மறுகரையில் உள்ள திருமுக்கூடல் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்து 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு 15 கட்டில் கொண்ட மருத்துவமனையைச் சொல்கிறது. பழம்பெருமை பேசுவோர் அதை மறவாமல் காட்டுவார்கள். மருந்து யாருக்கு? கோயிற் பணியாளருக்கும் வேதம் ஓதிய மாணவருக்கும். சேரிப் பையனுக்கு எந்தக் கேள்வியுமின்றிக் கட்டில் தந்தது இன்றைய அரசு மருத்துவமனை. எனக்கு அதுவே பெருமை.

பையனின் வீட்டாரோ, "தலையெழுத்து" என்றார்கள். தலையில் எழுத்து இருந்தால் லாரியின் வேகத்தை எழுதியவன் யார் என்று கேட்டேன். விடை வரவில்லை. மறுநாள் வகுப்பில் பாடத்தை நிறுத்தினேன். பள்ளி விடும் நேரத்தில் எங்கே கடக்கிறார்கள், எங்கிருந்து வண்டி தெரியும், எங்கே தெரியாது என்று பிள்ளைகளே படம் வரைந்தார்கள். வேகத்தடை, வெள்ளைக் கோடு, ஒரு விளக்கு: மூன்றையும் கேட்டு மனு எழுதினோம்.

முகவரிக்குக் கீழே, எந்த இடம் என்று குறிக்க வேண்டியிருந்தது. "பஸ் நம்பர்" என்றாளே, அந்தச் சிறுமிதான் எழுதினாள்: "மாநில நெடுஞ்சாலை 58, பழையசீவரம்." முதல் கையெழுத்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்த பையனுடையது. மனுவைப் பதிவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். விடை வரும்வரை, காலையும் மாலையும் கையை உயர்த்திக்கொண்டு சாலையோரத்தில் நிற்கிறேன்.