வண்டிக்கும் பிறந்த தேதி உண்டு

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான். "சார், அப்பாவோட கார் ஊர்ல சும்மா நிக்குது. நான் அமெரிக்காவுல இருக்கேன். அதை இங்க கொண்டாந்து நானே ஓட்ட முடியுமா?" என் அக்கா வீட்டில் இதைச் செய்து முடித்த கதை அவனுக்கு யார் மூலமோ தெரிந்திருக்கிறது. அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது அத்தான் 1993-ல் வாங்கிய வெள்ளை அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை வைத்து, வங்காளத்தில் உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை செய்த வண்டி. நம் தலைமுறைக்கு அறிமுகமே தேவையில்லை. கலெக்டர் வந்தாலும் அதுதான், கல்யாண மாப்பிள்ளை வந்தாலும் அதுதான். 2016-ல் அத்தான் காலமானார். கும்பகோணம் வீட்டுக் கொட்டகையில் வண்டி நின்றது. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை வந்து கேட்டுப் போனார். நியூஜெர்சியில் இருக்கும் அக்கா மகன், "யாருக்கும் குடுக்காதீங்க மாமா, நான் எடுத்துக்கிறேன்" என்றான்.

அவன் விசாரித்த முதல் விஷயம் வண்டியின் வயது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின்படி கட்டப்படாத காரை அங்கே கொண்டுபோய் ஓட்ட முடியாது. ஆனால் 25 ஆண்டு முடிந்த வண்டிக்கு அந்த விதி கிடையாது. புகை விஷயத்தில் 21 ஆண்டு போதும். ஆனால் எஞ்சின் கம்பெனி வடிவிலேயே இருக்க வேண்டும். எங்கள் மெக்கானிக், "வேற எஞ்சின் மாத்திட்டா ஜம்முனு போகும் சார்" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

இந்த 25 ஆண்டு என்பது ஜனவரி பிறந்தால் கூடிவிடும் கணக்கு இல்லை. வண்டி தயாரான மாதத்திலிருந்து எண்ண வேண்டும். தயாரான தேதி பொறித்த தகடு வண்டியில் இல்லாவிட்டால், முதலில் விற்ற பில்லோ பதிவுச் சான்றோ காட்டி நிரூபிக்கலாம்.

நான் சேர்க்கைப் பதிவேடு எழுதிய காலத்தில் கிராமத்தில் பாதிப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதியே தெரியாது. "அஞ்சு வயசு ஆயிடுச்சுங்க ஐயா" என்பார்கள். ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு வகுப்பில் உட்கார வைப்போம். இன்றும் என் மாணவர்களில் பலருக்கு ஜூனில்தான் பிறந்த நாள். அந்தச் சலுகை காருக்குக் கிடையாது.

நல்லவேளையாக அத்தான் காகிதம் எதையும் தூக்கி எறியாதவர். பீரோவில் ஆர்.சி. புத்தகமும் ஷோரூம் பில்லும் ஒரே உறையில் இருந்தன. தயாரானது அக்டோபர் 1993, பதிவானது டிசம்பர் 1993. நாங்கள் பார்த்தது 2017 நடுவில். பின்தேதியை வைத்துக்கொள்வதே பத்திரம் என்றான் மருமகன். அதற்கு இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. ஒரு ஏஜென்ட், "இப்பவே ஏத்திடலாம் சார், யாரு பாக்கப்போறாங்க" என்றார். அக்கரையில் பிடித்தால் வண்டி உள்ளே போகாது, செலவு நம் தலையில். அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

அந்தக் காத்திருப்பு யாருக்குப் பயன்பட்டது தெரியுமா? அக்காவுக்கு.

அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, போனா திரும்பி வருமாடா?" நான் மழுப்பவில்லை. இந்தியாவுக்குள் பழைய கார் கொண்டுவரும் விதி கடுமையானது. பொதுவாக 3 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை விடமாட்டார்கள், வரி மட்டுமே வண்டி விலையைத் தாண்டிவிடும். "போனா போனதுதான்னு நெனச்சுக்கக்கா" என்றேன். அக்கா உள்ளே போய்விட்டாள். ஒரு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவளே, "வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுடா" என்றாள். பேட்டரி மாற்றி, கார்புரேட்டர் சுத்தம் செய்து, எஃப்.சி. வாங்கினோம். அதற்கப்புறம் மாதம் ஒருமுறை டிரைவரோடு சுவாமிமலை, திருநாகேஸ்வரம் என்று போய்வந்தாள். பின்சீட்டில் அத்தானுக்குப் பக்கத்தில் எப்போதும் உட்காரும் இடது ஓரம்தான். பதினைந்து மாதம் ஓடியது. படிவம் 31-ல் வண்டியை வாரிசுதாரராகத் தன் பெயருக்கு மாற்றவும், மகனுக்குக் கொடுக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடவும் அவளை யாரும் வற்புறுத்தவில்லை. "அவரு வண்டி. அவரு புள்ள ஓட்டட்டும்" என்றாள்.

மற்றதெல்லாம் வேலைதான். அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

வாரிசுச் சான்று தாசில்தார் அலுவலகத்தில். வரி பாக்கி இல்லை, வழக்கு இல்லை என்பது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். 20 அடி கண்டெய்னரில் ஒரு அம்பாசிடர் தாராளமாக நிற்கும். பெட்ரோலை வடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துக் கட்டுவார்கள். வண்டிக்குக் கீழே வெளிநாட்டு மண் ஒட்டியிருக்கக் கூடாது, பூச்சியும் களை விதையும் வந்துவிடும் என்று அமெரிக்க வேளாண் துறைக்குப் பயம். நீராவி அடித்துக் கழுவினோம். அக்கா முறுக்கு டப்பாவும் இரண்டு பித்தளைக் குடமும் டிக்கியில் வைக்கக் கொண்டுவந்தாள். காருக்குள் சாமான் வைத்து அனுப்பாதே என்பது அந்த ஊர்ச் சுங்கத்தின் அறிவுரை. திருட்டுக்கும் வழி, சோதனைக்கும் வழி. குடம் வீட்டிலேயே இருக்கிறது. முறுக்கை நாங்கள் சாப்பிட்டோம்.

அக்கரையில் மருமகன் இரண்டு படிவம் கொடுத்தான். ஒன்று பாதுகாப்புக்கு, ஒன்று புகைக்கு. சுங்க வரி அப்போது காரின் மதிப்பில் 2.5 சதவீதம். ஒன்றரை லட்ச ரூபாய் வண்டிக்கு 3,750 ரூபாய்தான். கப்பல் கூலி அதைப்போலப் பல மடங்கு. ஆகவே லாபக் கணக்குப் பார்ப்பவர்கள் இதில் இறங்க வேண்டாம். வண்டி 2019 ஜனவரி கடைசியில் கரை சேர்ந்தது.

வலது பக்க ஸ்டியரிங்குக்கு அங்கே தடையில்லை. நியூஜெர்சியில் 25 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 'வரலாற்று வாகனம்' என்று தனி எண் பலகை தருகிறார்கள். கண்காட்சிக்கும் கல்விக்கும்தான் ஓட்டலாம், தினம் ஆபீசுக்குப் போக முடியாது. பொங்கல் விழாவில் நிறுத்தினால் அங்குள்ள நம் பிள்ளைகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கிறார்களாம்.

பழைய மாணவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். விதிகளும் வரியும் மாறிக்கொண்டே இருக்கும், இன்றைய நிலையை அந்தந்த அலுவலகத்தில் கேட்டுக்கொள். ஆர்.சி. புத்தகம் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார். வயது கூடும்வரை அவசரப்படாதே. இதற்கெல்லாம் முன்னால், தம்பி, உன் அம்மாவைக் கேள். கேட்டுவிட்டு, அவர்கள் யோசிக்க நேரம் கொடு.