பற்று நோட்டும் சிறு அட்டையும்

சென்ற ஆண்டு லண்டனில் என் மகன் இல்லத்தில் மூன்று திங்கள் தங்கியிருந்தேன். மாலை வேளைகளில் மருமகளுடன் அருகிலிருந்த டெஸ்கோ அங்காடிக்குச் செல்வது வழக்கமாயிற்று. பணம் செலுத்துமிடத்தில் அவள் தவறாமல் ஒரு சிறு அட்டையைக் காட்டுவாள். "இது எதற்கம்மா?" என்று ஒரு நாள் வினவினேன். "நாம் என்னென்ன வாங்குகிறோம் என்பதை இது நினைவில் வைத்திருக்கும், மாமா, விலையிலும் சலுகை உண்டு" என்றாள். மாதுங்காவில் என் தந்தையார் நடத்திய மளிகைக் கடையும், கல்லாப்பெட்டியருகே கிடந்த பற்று நோட்டும் அக்கணமே என் நினைவில் எழுந்தன.

அந்நிறுவனத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதைத் தோற்றுவித்த ஜாக் கோஹனும் நம்மைப் போன்று பிழைப்புத் தேடிக் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைதான். தந்தையார் போலந்திலிருந்து வந்த யூதத் தையற்காரர். முதல் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றித் திரும்பிய கோஹன், 1919-ல் கிழக்கு லண்டன் சந்தையில் போர்க்கால மிச்சப் பண்டங்களை விற்கத் தொடங்கினார். முதல் நாள் விற்பனை 4 பவுன். ஆதாயம் 1 பவுன். 1924-ல் டி. இ. ஸ்டாக்வெல் என்பவரிடம் தேயிலை வாங்கி விற்றபோது, அவர் பெயரின் எழுத்துகளோடு தம் பெயரின் முதலிரண்டு எழுத்துகளையும் இணைத்து 'டெஸ்கோ' என்று பெயரிட்டார்.

மலிவாக வாங்கிக் குவித்து, குறைந்த லாபத்தில் விரைந்து விற்பதே அவர் கொள்கை. 1956-ல் மால்டன் நகரத்துத் திரையரங்கு ஒன்று அவருடைய சூப்பர் மார்க்கெட்டாக மாறியது. 1995-ல் அந்தச் சிறு அட்டை வந்தது; அவ்வாண்டிலேயே டெஸ்கோ பிரிட்டனின் மளிகை வணிகத்தில் முதலிடம் பெற்றது. பிறகு கடல் கடந்தது. 1998-ல் தாய்லாந்து, 2007-ல் அமெரிக்கா, 2014-ல் டாடா குழுமத்தின் டிரென்ட் நிறுவனத்தோடு இந்தியா எனக் கால் பதித்தது. ஆயினும் அமெரிக்கக் கடைகளை 2013-லும் தாய்லாந்துக் கடைகளை 2020-லும் விற்றுவிட்டது. ஓர் ஊரில் வென்ற வணிகம் மற்றோர் ஊரிலும் வெல்லும் என்பதற்கு உறுதியுண்டோ?

அட்டை அறிவது நாம் வாங்கியதை. தந்தையாரோ, நாம் வாங்காமற் போனதையும் அறிந்தவர். 1974 மே மாதத்து ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது சம்பளமின்றித் தவித்த தொழிலாளர் வீட்டுப் பெண்கள் கடைப் பக்கம் வரக் கூசினார்கள். தந்தையார் பையனிடம் பருப்பும் எண்ணெயும் கொடுத்தனுப்பிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். "கொள்முதல் செய்த இடத்தில் என்ன பதில் சொல்வீர்கள்?" என்று அம்மா கலங்கினாள். "அவர்கள் ஊரைவிட்டா ஓடிப் போவார்கள்?" என்றார். சிலர் கணக்கைத் தீர்க்க ஓராண்டாயிற்று. சிலர் கணக்குத் தீரவேயில்லை.

அக்கடையை இன்று பெரிய அங்காடிகள் விழுங்கிவிட்டன என்று சொல்ல எனக்கு வாயில்லை. அதை ஏற்று நடத்த மறுத்து வங்கி உத்தியோகத்திற்குப் போனவன் நானே. தந்தையார் ஒரு சொல்லும் கடிந்துரையாமல் கடையைக் கைமாற்றினார். மும்பை திரும்பியதும் பழைய பெட்டியைத் திறந்து அந்த நோட்டைப் புரட்டினேன். தீராத கணக்குகள் ஒன்பது இருந்தன. ஒவ்வொன்றின் மீதும் அவர் கையால் கோடு கிழித்திருந்தார்.